தெருவோரத்துத் துளசிக் கூட்டம்: வாசகர் கேள்வி பதில்

நகரத்தில் தானாக முளைக்கும் செடிகளைப் பற்றி இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சுற்றியே இருந்தன. தாவரவியலில் அதன் பெயர் லேமியேசி. பழைய நூல்களில் லேபியேட்டே என்றிருக்கும். நம் பேச்சில் துளசிக் குடும்பம் அல்லது புதினாக் குடும்பம். உலகெங்கும் ஏறத்தாழ 7,000 இனங்கள் உண்டு. அதில் ஒரு கைப்பிடி அளவுதான் காலி மனையிலும் மதில் ஓரத்திலும் ரயில் பாதைச் சரளையிலும் பிழைக்கிறது. குழப்பமெல்லாம் அந்தக் கைப்பிடிக்குள்தான்.

கே: காலி மனையில் ஒரு செடி. தண்டு சதுரம், இலைகள் எதிரெதிர், கசக்கினால் மணம். மூன்றும் பொருந்தினால் துளசிக் குடும்பம் என்று முடிவு கட்டலாமா?

ப: கட்டக்கூடாது. அந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டால் உண்ணிச்செடியும் உள்ளே நுழைந்துவிடும். அதற்கும் நாலு மூலைத் தண்டு, எதிரிலை, கசக்கினால் காரமான வாடை. ஆனால் அது வெர்பினேசி என்ற வேறு குடும்பம். அதன் இலையிலும் பச்சைக் காயிலும் நச்சு உண்டு. மேய்ந்த மாட்டின் கல்லீரலைக் கெடுக்கும். மணம் வந்ததே என்று வாயில் வைத்துப் பார்க்கிற செடி அல்ல.

தண்டிலிருந்து தொடங்குங்கள். நுனியிலிருந்து மூன்றாவது கணுவுக்கும் நான்காவது கணுவுக்கும் இடைப்பட்ட பகுதியை இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டினால் நாலு விளிம்பும் விரலில் இடறும். மூலைகளில் கோலங்கைமா என்ற உறுதித் திசு திரண்டிருப்பதால் வந்த வடிவம் இது. அடித்தண்டு முற்றியதும் உருண்டையாகிவிடும். அங்கே தடவிப் பார்த்துவிட்டு "சதுரமே இல்லையே" என்று பலர் எழுதுகிறார்கள்.

அடுத்தது பூ. இந்தக் குடும்பத்தில் பூக்காத செடிக்குப் பெயர் சொல்வது ஊகம்தான். இதழ்க்குழலை நுனி விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். முழுதாகக் கழன்று வரும். மகரந்தத் தாள்கள் குழலில் ஒட்டியிருப்பதால் அவையும் கூடவே வந்துவிடும். மிஞ்சுகிற பச்சைக் கிண்ணம்தான் புல்லிவட்டம். அதை ஒரு பக்கமாகக் கீறி அடியைப் பாருங்கள். 10 மடங்கு லென்ஸ் போதும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பூவை இரண்டரை சென்டிமீட்டர் தூரம் வரை கொண்டுவர வேண்டும். லென்ஸைப் பூவின் மேல் நீட்டிப் பிடித்தால் மங்கல்தான் தெரியும். நாலாகப் பிளந்த சூலகம் நாலு பச்சை மணிகளாக நெருக்கமாக உட்கார்ந்திருக்க, சூலகத்தண்டு அவற்றின் தலையிலிருந்து கிளம்பாமல் நாலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்திலிருந்து கிளம்பினால், துளசிக் குடும்பம் என்று தைரியமாக எழுதிக்கொள்ளலாம்.

பூ உதிர்ந்த பிறகும் வழி உண்டு. இந்தக் குடும்பத்தில் புல்லிவட்டம் உதிராது. விதைக்கு உறையாக நிற்கும். காய்ந்த கிண்ணம் ஒன்றை உள்ளங்கையில் தட்டினால் நாலு சிறுகொட்டைகள் விழும். நாலுக்குக் குறைந்தால் உடனே தள்ளிவிட வேண்டாம். சிலவற்றில் இரண்டு மட்டுமே முற்றும். அடுத்த கேள்வியில் வரும் ஒரு செடி அப்படிப்பட்டது.

போலிகளைக் காயை வைத்தே ஒதுக்கலாம். உண்ணிச்செடிக்குச் சதைப்பற்றுள்ள கனி, பழுத்தால் கறுப்பு. சீமை நாயுருவிக்கு நீலப் பூ, நீண்ட கதிரின் குழிகளுக்குள் பதிந்திருக்கும். பொடுதலை தரையோடு படர்ந்து சிறு தலைகளாகப் பூக்கும். இரண்டும் வெர்பினேசிதான். நாலு மூலைத் தண்டுள்ள இன்னொரு கூட்டம் அக்காந்தேசி: நிலவேம்பு, பட்டாசுக்காய்ச் செடி வகையறா. அதற்கு இரண்டாகப் பிளக்கும் வெடிகனி. பட்டாசுக்காய்ச் செடியின் உலர்ந்த காயைத் தண்ணீரில் போட்டால் படக்கென்று வெடிக்கும். அதற்கு மேல் சோதனை வேண்டாம்.

கே: நாய்த்துளசி, பேய்த்துளசி, காட்டுத்துளசி, கஞ்சாங்கோரை என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். எது எது?

ப: இந்தப் பெயர்களை நம்பி ஒரு செடியையும் பிரிக்க முடியாது. "நாய்", "பேய்", "காட்டு" மூன்றும் "வீட்டுத் துளசி இல்லை" என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. ஒரே பெயர் இரண்டு செடிக்கும், ஒரே செடிக்கு மூன்று பெயரும் உண்டு. ஆகவே செடியையே பார்ப்போம், அதிலும் புல்லிவட்டத்தை.

கஞ்சாங்கோரை, ஆசிமம் அமெரிக்கானம். முழங்கால் உயரம், சிறிய வெள்ளைப் பூ, இலையில் எலுமிச்சை கலந்த மணம் அல்லது கற்பூர மணம். செடிக்குச் செடி மாறும். புல்லியில் மேல் மடல் ஒன்று மட்டும் அகன்று வட்டமாகத் தொப்பியின் முன்விளிம்பு போல நிற்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரு மடல், கீழே ஊசியான இரு பற்கள். இந்தத் தொப்பி தெரிந்தால் துளசிப் பேரினம், அதாவது ஆசிமம். வீட்டுத் துளசிக்கும் திருநீற்றுப்பச்சைக்கும் இதே தொப்பி உண்டு. பெயரில் அமெரிக்கா இருப்பது லின்னேயஸ் 1755-இல் வைத்த பெயரின் கோளாறு. செடியின் தாயகம் ஆப்பிரிக்காவும் ஆசியாவும்.

அதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது மெசோஸ்பீரம் சுவாவியோலென்ஸ். ஹிப்டிஸ் என்ற பழைய பெயரிலேயே இன்னும் பலருக்குத் தெரியும். தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. ஆள் உயரம் வரை போகும். தண்டெங்கும் நீண்ட மயிர். பூ வெளிர் ஊதா. மணம் மூக்கைத் துளைக்கும். இதன் புல்லியில் தொப்பி கிடையாது. பத்து வரிகள் எழுந்த குழல், அதன் வாயில் ஒரே அளவில் ஐந்து ஊசிப் பற்கள். காயும்போது குழல் பெரிதாகி, பற்கள் விறைத்து, சட்டையில் ஒட்டிக்கொள்ளும். மேலே சொன்ன "இரண்டு மட்டும்" செடி இதுதான். ஒரு புல்லிக்குள் பெரும்பாலும் இரண்டு கொட்டைகளே இருக்கும்.

தும்பை, லியூகஸ் ஆஸ்பெரா. தும்பைப்பூ போல வெள்ளை என்று சொல்லிச் சொல்லிப் பூவை எல்லோருக்கும் தெரியும். புல்லியைப் பார்த்தவர்கள் குறைவு. சற்று வளைந்த குழல், சாய்வாக வெட்டிய வாய், அதன் விளிம்பில் எட்டு முதல் பத்துக் குட்டைப் பற்கள். துளசியின் ஐந்து மடலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பேய்மிரட்டி, அனிசோமெலஸ் மலபாரிகா. தடித்த, வெள்ளைக் கம்பளி போர்த்திய இலை, ஊதா கலந்த பூ, ஒரு மீட்டருக்கு மேல் வளரும் புதர். இதைத் தொட்டாலே தெரிந்துவிடும்.

இன்னொன்று, பாழடைந்த கட்டட ஓரங்களில் ஒன்றரை இரண்டு மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் லியோனோட்டிஸ் நெபெட்டிஃபோலியா. ஒரே தண்டில் இடைவெளி விட்டு இடைவெளி விட்டு முள்ளுருண்டைகள் கோத்தது போலிருக்கும். ஒவ்வொரு உருண்டையிலிருந்தும் ஆரஞ்சு நிறப் பூங்குழல்கள் நீளும். அந்த உருண்டையை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். புல்லிப் பற்கள் காய்ந்தால் நிஜமாகவே முள்.

கே: விதையைத் தண்ணீரில் போட்டேன். சில நிமிடங்களில் வழவழவென்று ஊதிக்கொண்டது. அப்படியானால் திருநீற்றுப்பச்சைதானே?

ப: இல்லை. ஆசிமம் இனங்கள் பலவற்றுக்கும் ஊதும், மெசோஸ்பீரத்துக்கும் ஊதும். விதைத்தோலிலுள்ள சர்க்கரைப் பொருள் நீரை இழுத்துக் கூழாவதுதான் அது. ஈர மண்ணில் ஒட்டிக்கொள்ளவும், காய்ந்தால் விதையைச் சுற்றி ஈரம் பிடித்து வைக்கவும் செடிக்கு உதவுகிறது. விதை எந்தக் கிண்ணத்திலிருந்து விழுந்தது என்று பார்த்திருந்தால் பெயர் கிடைத்திருக்கும்.

கே: தும்பையில் வந்த தேனீயின் முதுகில் மகரந்தம், துளசியில் வந்த தேனீயின் வயிற்றில் மகரந்தம். தற்செயலா?

ப: கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள், தற்செயல் இல்லை. தும்பைப் பூவின் மேலுதடு மயிரடர்ந்த சிறு முக்காடு. நாலு மகரந்தத் தாள்களும் அதன் அடியில் ஒளிந்திருக்கும். கீழுதடு நீண்டு விரிந்த இறங்குதளம். தேனீ அதில் கால் வைத்துத் தலையை உள்ளே நுழைக்கும்போது மேலிருந்து முதுகில் பொடி படிகிறது. ஆசிமத்தில் தாள்கள் கீழுதட்டின் மேல் சாய்ந்து கிடக்கும். அதனால் வயிற்றில் படிகிறது. பூ எடுத்துப் பார்க்காமலேயே இரண்டு கூட்டத்தையும் பிரிக்க இது ஒரு நல்ல குறி.

மெசோஸ்பீரத்தில் இன்னும் வேடிக்கை. கீழுதட்டின் நடு மடல் ஒரு குட்டிப் பை. தாள்களை இழுத்து மடக்கி அதற்குள் வைத்திருக்கும். பூச்சி தொட்டதும் பை சடாரென்று கீழே மடங்க, தாள்கள் விடுபட்டு மேலே துள்ளி வயிற்றில் பொடியை அடிக்கும். காலையில் புதிதாக விரிந்த பூ ஒன்றின் பையைப் புல் நுனியால் தொட்டுப் பாருங்கள். ஒரு பூவில் ஒரு முறைதான் நடக்கும். பை ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தால் யாரோ முந்திவிட்டார்கள்.

தெருவோரத்தில் இந்தச் செடிகளைத் தேடி வருபவற்றில் எளிதாக அடையாளம் தெரிவது அமெகில்லா, அதாவது வயிற்றில் நீலப் பட்டைகள் கொண்ட, ஒரே இடத்தில் நின்று பறக்கும் உருண்டைத் தேனீ. லியோனோட்டிஸின் நீண்ட ஆரஞ்சுக் குழல் பறவைக்கானது, தேன்சிட்டுகள் வரும்.

கே: நொச்சியும் தேக்கும் துளசிக் குடும்பம் என்று படித்தேன். அச்சுப் பிழையா?

ப: அச்சுப் பிழை இல்லை. நொச்சி, தேக்கு, குமிழ், வேலி ஓரத்துச் சங்கங்குப்பி எல்லாம் முன்பு வெர்பினேசியில் இருந்தன. 1990-களில் இவை துளசிக் குடும்பத்துக்கு மாற்றப்பட்டன. மரபணு ஆய்வுகளும் அதை உறுதி செய்தன. உங்கள் கையில் இருப்பது பழைய நூலானால் வெர்பினேசி பகுதியில் தேடுங்கள். முதல் பதிலில் சொன்ன சூலகச் சோதனை இவற்றுக்குப் பொருந்தாது. நொச்சியில் சூலகம் நாலாகப் பிளவுபடாமல், சூலகத்தண்டு அதன் உச்சியிலிருந்தே எழும். இளங்கிளையின் நாலு மூலை, கைவிரல் போல விரிந்த 3 முதல் 5 சிற்றிலைகள், இலையின் அடியில் வெளுப்பு என்ற மூன்றைப் பார்த்தால் போதும்.

கே: குப்பைமேனி வேரைப் பிடுங்கினால் பூனை வந்து புரள்கிறது. பூனைப் புதினாவின் உறவா?

ப: உறவில்லை. பூனைப் புதினா துளசிக் குடும்பம். குப்பைமேனி ஆமணக்குக் குடும்பம், இலைகள் மாற்றிலைகள். பூனைப் புதினாவில் உள்ள நெப்பட்டலாக்டோனுக்கு நெருங்கிய வேதிப்பொருள் குப்பைமேனியின் வேரிலும் இருக்கிறது, அவ்வளவே. குப்பைமேனிக்குப் பூனைமயக்கி என்ற பெயரை வைத்தவர் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்.

கே: சாலையோரத்துத் துளசி வகைகளை நன்றாகக் கழுவினால் வீட்டில் பயன்படுத்தலாமா?

ப: வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில். கழுவினால் தூசு போகும். அதுவும் முழுதாகப் போகாது. இந்தக் குடும்பத்து இலைகளில் மயிரும் எண்ணெய்ச் சுரப்பிகளும் நிறைந்திருப்பதால் புகைக்கரியும் தூசும் வழவழப்பான இலையைவிட இதில் அதிகம் ஒட்டும். வேர் வழியே உள்ளே போனது கழுவிப் போகாது. ஈயம் கலந்த பெட்ரோல் உலகில் கடைசியாக நின்றது 2021-இல். ஆனால் ஈயம் மண்ணில் சிதைவதில்லை. மேல்மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். பழைய பெயின்ட் உதிரும் சுவரோரமும் அப்படித்தான். இவை போக, களைக்கொல்லி தெளித்திருந்தால் முதல் சில நாட்களுக்குச் செடியைப் பார்த்து எதுவும் தெரியாது. நாய்கள் எந்தச் செடியருகே காலைத் தூக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

செடி பிடித்திருந்தால் விதையையோ தண்டுக் குச்சியையோ எடுத்துச் சுத்தமான மண்ணில் வளர்த்துக்கொள்ளுங்கள். கற்பூரவல்லி என்றால் 10 சென்டிமீட்டர் நீளக் குச்சி, அதில் குறைந்தது இரண்டு கணுக்கள். கீழ்க்கணுவின் இலைகளை எடுத்துவிட்டு அந்தக் கணு மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு, நிழலில் வையுங்கள். இரண்டு வாரத்தில் வேர்விடும். தண்ணீரைத் தினமும் ஊற்றினால் குச்சி அடியிலிருந்து கறுத்து அழுகும். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றுங்கள். கூடவே வந்த பழைய இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் புதிதாகத் துளிர்த்தவற்றை மட்டும் எடுங்கள்.

கே: தும்பையை மண்ணோடு தோண்டி வந்து தொட்டியில் நட்டால் மூன்று முறையும் வாடிவிட்டது. என்ன தவறு?

ப: தோண்டியதுதான் தவறு. தும்பை ஓராண்டுச் செடி. பூக்கும் நிலைக்கு வந்த செடி வாழ்நாளின் பிற்பாதியில் இருக்கிறது. வேர் அறுந்தால் புது வேர் விட அதற்கு அவகாசமும் இல்லை, அவசியமும் இல்லை. இருப்பதை விதையாக்கிவிட்டுப் போய்விடும். தெருமண்ணோடு வேர்முடிச்சு நூற்புழுவும் வந்து சேரலாம். பக்கத்துத் தொட்டித் துளசிக்கு அது ஆகாது.

விதையிலிருந்து தொடங்குங்கள். தும்பையின் பூங்கொத்து பழுப்பாகிக் காய்ந்ததும் அதைக் கத்தரித்து, ஒரு காகித உறைக்குள் தலைகீழாக உதறுங்கள். புல்லியின் வாய் மேல்நோக்கி இருப்பதால் செடியில் கொட்டைகள் சில நாள் தங்கும். ஆசிமத்தில் புல்லி கீழ்நோக்கித் தொங்கும். பழுத்த அன்றே கொட்டிவிடும். அதற்கு முக்கால் பழுப்பிலேயே கத்தரித்து உறைக்குள் காயவிட வேண்டும்.

20 சென்டிமீட்டர் ஆழத் தொட்டியில் பாதி மணல், பாதி தோட்டமண். மண்ணை முதலில் நனைத்துவிட்டு விதையைத் தூவி, மேலே 2 மில்லிமீட்டருக்கு மிகாமல் மணல் தூவுங்கள். ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. குவளையால் ஊற்றாமல் தெளிப்பானால் நனையுங்கள். ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலையில் சேர்ந்துவிடும். நாலு இலை விட்டதும் செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள், பிடுங்க வேண்டாம். தினம் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். எரு போட்டுக் கொழுக்க வைத்தால் இலைதான் வரும். தரிசு மண்ணில் பூக்கப் பழகிய செடி இது.

கே: எங்கள் குடியிருப்பின் பின்புறத்தை மெசோஸ்பீரம் பிடித்துக்கொண்டது. வெட்ட வெட்ட வருகிறது.

ப: வெட்டுவதால்தான் வருகிறது. தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டினால் மிச்சமுள்ள கணுக்களிலிருந்து ஒன்றுக்கு நாலாகக் கிளைத்துப் பூக்கும். மழைக்கு முளைத்த கன்று கணுக்காலளவு வந்ததும், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். பூக்கும் முன் பிடுங்கியதை அங்கேயே காயப்போடலாம், மட்கவும் விடலாம். புல்லிகள் பழுப்பாகத் தொடங்கியிருந்தால் கதை வேறு. அசைக்காமல் தலைப்பகுதியை முதலில் வெட்டிச் சாக்குக்குள் போட்டுக் கட்டி, பிறகு அடியைப் பிடுங்குங்கள். அதை எருக்குழியில் போடக்கூடாது. சூடு போதாத எருக்குழியில் விதை சாகாது. வேலை முடிந்ததும் சட்டை, செருப்பு, நாயின் ரோமம் மூன்றையும் பாருங்கள். அடுத்த மனைக்கு அது போவது அப்படித்தான்.

ஒரு முறை பிடுங்கியதும் தீராது. மண்ணில் கிடக்கும் விதை அடுத்தடுத்த மழைக்கும் முளைக்கும். வெற்று நிலமாக விட்டுவிடாமல் புல்லோ உள்ளூர்ச் செடியோ நிறைத்தால்தான் கை ஓயும். தும்பை தானாக வந்தால் விட்டுவிடுங்கள்.

கே: அழுத்தி உலர்த்திய செடிகள் கறுத்து, இலை உதிர்ந்துவிடுகின்றன.

ப: ஈரம் மெதுவாக வெளியேறியதால் கறுத்தது. மழையிலோ பனியிலோ நனைந்த செடியை எடுக்காதீர்கள். வெயில் ஏறிய பிறகு எடுங்கள். செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து, இரு பக்கமும் உறிஞ்சும் தாள் அடுக்கி, மேலே சீரான பாரம் வையுங்கள். முதல் மூன்று நாள் தினமும் தாள் மாற்ற வேண்டும்; இதைத் தவறவிடுவதுதான் பெரும்பாலும் நடப்பது. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரு வாரம் முதல் பத்து நாளில் உலர்ந்துவிடும். தும்பையின் தடித்த பூங்கொத்தை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து வையுங்கள். முழுதாக வைத்தால் நடுவில் பூஞ்சை பிடிக்கும். கற்பூரவல்லி போன்ற சதையிலை செடியைச் சில விநாடி கொதிநீரில் முக்கி எடுத்துத் துடைத்துவிட்டு அழுத்துங்கள். இல்லாவிட்டால் தாளுக்குள்ளேயே உயிரோடிருந்து இலையை ஒவ்வொன்றாக உதிர்க்கும். இஸ்திரிப் பெட்டி வேண்டாம்.

ஓரிரு பூக்களையும் ஒரு காய்ந்த புல்லியையும் தனியாகச் சிறு உறையில் போட்டு அதே தாளில் ஒட்டுங்கள். பூவின் நிறமும் இலையின் மணமும் நாளடைவில் போய்விடும். பறித்த இடம், தேதி, செடியின் உயரத்தோடு அவற்றையும் அன்றே எழுதிவிடுங்கள். பூச்சி வராமலிருக்க உலர்ந்த தாளைப் பாலித்தீன் உறையில் இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் ஒரு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால் தாள் நனையாது.

கே: கைப்பேசிச் செயலி ஒரே செடிக்கு ஒவ்வொரு முறையும் வேறு பெயர் சொல்கிறது.

ப: மேலிருந்து எடுத்த ஒரே படத்தைக் கொடுத்தால் இந்தக் குடும்பத்தில் அப்படித்தான் சொல்லும், எல்லாம் பச்சை இலையும் அடுக்குப் பூவும்தான். ஐந்து படங்கள் எடுங்கள்: முழுச் செடி; கணுவோடு தண்டு; இலையின் இரு பக்கம்; பூ பக்கவாட்டில்; பழுத்த புல்லியின் வாய் நேராக. கடைசிப் படத்துக்குப் புல்லியைக் கிள்ளி விரல் நகத்தின் மேல் நிறுத்தி, வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, நிழலில் எடுங்கள். நேர்வெயிலில் பற்களின் மயிர் வெளுத்துப்போய் எண்ணிக்கை தெரியாது. பற்கள் ஐந்தா பத்தா, தொப்பி உண்டா இல்லையா என்று நீங்களே எண்ணிவிட்டு, பிறகு செயலி சொல்லும் பெயரோடு ஒப்பிடுங்கள்.